யாருக்கு நல்ல மழை

அவருக்கு எதிரே "இன்னைக்கு நல்ல மழை" என்று சொல்லிவிட்டுத் தப்பித்தவர்கள் எங்கள் குடியிருப்பில் யாரும் கிடையாது. மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "யாருக்கு?" என்று கேட்பார். சண்டைக்கு இழுக்கிற கேள்வி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் கேட்கிற மாதிரி இருக்கும். அதனாலேயே பதில் சொல்லாமல் நகரவும் முடியாது. சாலையில் முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளுகிறவருக்கா, மாடியில் துணி காயப்போட்டவருக்கா என்று நாமே யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில், "எனக்குத்தான் ஆன்ட்டி, புழுக்கம் குறைஞ்சுதே" என்று அசடு வழிய வேண்டும். "அப்படிச் சொல்லு" என்று விட்டுவிடுவார்.

ஹைதராபாத் கச்சிபௌலியில் நாங்கள் வீடு வாங்கிய குடியிருப்பைக் கட்டியவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஓர் அலங்காரம். ஒன்றில் கடற்கரை, ஒன்றில் பாலைவனம், எங்களுடையதில் மழைக்காடு. வீடுகளுக்கு நடுவே பெரிய முற்றம், உச்சியில் கண்ணாடிக் கூரை. முற்றத்தில் ஃபைபர் பாறை, அதிலிருந்து விழும் அருவி, ஒரு குட்டை, தொட்டிகளில் அத்தி வகை மரங்கள், பெரிய இலைச் செடிகள். மேலே ஓடிய மெல்லிய குழாய்களிலிருந்து பனிபோல் தண்ணீர் தூவிக்கொண்டேயிருக்கும். செடிகளுக்குள் ஒளித்து வைத்த ஸ்பீக்கர்களில் பறவைகள் கூவும். நான் செகந்திராபாத் பக்கம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மே மாதத்தில் கூலருக்கு முன்னால் இடம் பிடிக்க அண்ணன்களோடு அடிதடியே நடத்தியவள். கதவைத் திறந்தால் காடு என்று விளம்பரத்தில் பார்த்ததும் மயங்கிப் போனதில் ஆச்சரியமில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது அந்த முற்றத்தில்தான். தரைத்தள வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான்களை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனிக்காமல் ஒரு செடிக்கு எதிரே தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

"இது எங்க உக்காந்து கத்துது?" என்று என்னிடம் கேட்டார். நான் தமிழ் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ.

"ஸ்பீக்கர் ஆன்ட்டி. ரெக்கார்டிங்."

"அது தெரியுது. இந்தப் பறவை அமேசான்ல இருக்கிறது. நம்ம மலைக்காட்டுல இது கிடையாது. இங்க எப்படி வந்தது?"

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அவருடைய கணவர் சிரித்தார். "பாஸ்போர்ட் இல்லாம வந்திருக்கும். கண்டும் காணாம விட்டுடு, டாக்டரம்மா."

மருத்துவ டாக்டர் இல்லை; ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். மத்திய அரசின் தாவரக் கணக்கெடுப்பு வேலையில் இருந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் அந்தமானிலும் மாதக்கணக்கில் முகாம் போட்டு இலையும் பூவும் சேகரித்திருக்கிறார். கணவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வருகிற நோய் அவருக்கு. மாடி ஏற முடியாது, லிஃப்ட் என்றால் பயம். அதனால் வெளிநாட்டிலிருக்கும் மகள் தேடிப் பிடித்து, தரைத்தளத்தில், முற்றத்தை ஒட்டியே வீடு வாங்கிக் கொடுத்திருந்தாள். அம்மாவுக்குக் காடு, அப்பாவுக்குப் படியில்லாத வீடு என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் எங்கள் பிளாக் குழந்தைகளுக்கு மழைக்காட்டைப் பற்றிப் பேசச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். குடியிருப்புச் சங்கத்தார் எதிர்பார்த்தது பச்சை, பசுமை, மரம் வளர்ப்போம் என்கிற மாதிரி எதையோ. அவரோ, இன்னொரு மரத்தைக் கட்டிப்பிடித்து, வேர்களால் சுற்றி நெரித்து, வருஷக்கணக்கில் மெதுவாகச் சாகடிக்கிற அத்தி மரத்தைப் பற்றிச் சொன்னார். குழந்தைகள் ஒரே குரலில், "பேட் ட்ரீ!" என்றார்கள்.

"யாருக்கு?" என்றார்.

செத்த மரத்துக்கு என்று சில குழந்தைகள். சரி, வேறு யாருக்கு என்று அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். காட்டில் மற்ற மரங்கள் எல்லாம் பழமில்லாமல் நிற்கிற மாதங்களில் இந்த மரம்தான் பழுக்கும். குரங்கு, வௌவால், இருவாய்ச்சிப் பறவை எல்லாம் இதை நம்பித்தான் அந்த மாதங்களைத் தள்ளும் என்றார். உள்ளே செத்த மரம் உளுத்துப்போனால் அந்தப் பொந்தில் யாராவது குடிவருவார்கள் என்றார். ஒரு பெண் குழந்தை, "அப்போ குட் ட்ரீயா?" என்று கேட்டதற்கும் அதே கேள்விதான். குழந்தைகள் வீட்டுக்குப் போய் அம்மாக்களிடம் எல்லாவற்றுக்கும் "யாருக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பாகற்காய் உடம்புக்கு நல்லது என்று சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று. அடுத்த கோடையில் அவரைக் கூப்பிடவில்லை.

எனக்கு அவரிடம் பிடித்தது, காட்டைப் பற்றிப் பேசும்போது உருக மாட்டார் என்பது. மழைக்காடு என்றால் பச்சை இல்லை, இருட்டு என்பார். மேலே இலைக்கூரைக்கு மேல்தான் வெயிலும் காற்றும். கீழே தரையில் நண்பகலிலும் மாலை மாதிரிதான் இருக்கும், மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருப்பதால் எப்போது நின்றது என்றே தெரியாது என்பார். துணி காயாது, காகிதம் காயாது, சேகரித்த இலைகளை அடுப்புக்கு மேல் கட்டிக் காய வைக்க வேண்டும், காலுறைக்குள் அட்டை ஊர்ந்து ரத்தம் குடித்துவிட்டுத் தானாக விழும். "ஐயோ, எப்படி ஆன்ட்டி இருந்தீங்க?" என்றால், "அட்டையும் இருந்துச்சே" என்று முடித்துக்கொள்வார்.

ஒருநாள் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இருவாய்ச்சியைப் பற்றிச் சொன்னார். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப் பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். சின்னக் கீறல் மட்டும் விட்டு வைக்கும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும்.

"எங்க வீட்டுல பொந்துக்குள்ள இருந்தது நான்" என்றார் பெரியவர். "மெட்டுகுடா குவார்ட்டர்ஸ்ல பொண்ணை வெச்சிக்கிட்டு அடைஞ்சு கிடந்தேன். சமையல், ஸ்கூல் யூனிஃபார்ம் அயர்னிங், எல்லாம் நான்தான். அக்கம்பக்கத்துல கேப்பாங்க, கைக்கு மியா, ஏன்யா, பீவி ஊருக்குப் போயிட்டாளான்னு. இவ மழை நின்னா வருவா. காட்டு ஜாதிக்காயும் கால் பூரா அட்டைக்கடியுமா."

நான் சிரித்துவிட்டு, "நாட்டுக்கு நல்ல வேலைதானே அங்கிள்" என்றேன்.

"யாருக்குன்னு கேளேன்" என்று பெரியவர் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "இந்த ஒண்ணுல மட்டும் இவ கேக்கவே மாட்டா."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆன்ட்டி எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. வேறு பேச்சை எடுத்தேன்.

தவளைகள் எப்போது வந்தன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நர்சரியிலிருந்து புதிதாக வந்த செடித் தொட்டிகளோடு வந்திருக்கும் என்பார் அவர். மரத்தவளைகள். மண் நிறம், பெரிய கண்கள், கண்ணாடியில்கூட ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். ஒரு வீட்டுக் கிருகப்பிரவேசத்தில், புரோகிதர் சுற்றிவந்த கலசத்தின் மேல் ஒன்று குதித்து உட்கார்ந்ததும் விஷயம் சங்கக் கூட்டத்துக்குப் போயிற்று. குட்டையைத் தூர்த்துவிட்டு மருந்து அடிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

அன்று அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். எனக்கு என்னவோ தமிழில் ஞாபகம் இருக்கிறது. "காடு வேணும்னு கேட்டு வாங்கினீங்க. காடுன்னா ஈரம். ஈரம் இருந்தா யாராவது வருவாங்க. வந்தவங்களை விரட்டிட்டு ஈரத்தை மட்டும் வெச்சிக்கிட்டா அதுக்குப் பேரு காடு இல்ல, பாத்ரூம்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சங்கச் செயலாளர் நல்ல மனிதர், தெலுங்குக்காரர், எதற்கும் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். "பேருக்கே அடவி மேடம், நிஜங்கா காது" என்றார். பெயருக்குத்தான் காடு, நிஜமில்லை என்று பொருள். "தவளைக்கு அது தெரியாதே" என்றார் இவர். தீர்மானம் அங்கேயே படுத்துவிட்டது.

படுத்ததோடு நிற்கவில்லை. செயலாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உயிருள்ள மழைக்காடு" என்று வாசலில் பலகை வைத்தார். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் வந்து படமெடுத்துப் போனார்கள். மழைக்காலம் தொடங்கியதும், மழைக்காடு மழைக்காலத்தில்தானே ஜோராக இருக்க வேண்டும் என்று, நீர் தூவும் குழாய்களை நாள் முழுக்க ஓடவிட்டார். இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் கிடையாது. வெளியே காற்றே ஈரமாக இருக்கிற மாதங்கள் அவை. அதை நான் சொல்லவில்லை, ஒரு மாலை ஆன்ட்டிதான் சொன்னார். நிஜக் காட்டில் மரங்கள் மண்ணிலிருந்து உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக மேலே விட்டுவிடும். அது மேகமாகித் திரும்பவும் அங்கேயே பெய்யும். தன் மழையில் ஒரு பங்கைக் காடு தானே செய்துகொள்கிறது என்றார். "இங்க மேல போக வழி இல்ல. கண்ணாடி. அதனால நம்ம சுவத்துக்குள்ள போகுது."

"செயலாளர்கிட்ட சொல்லுங்களேன், குறைக்கச் சொல்லி."

அதற்கு அவர் குட்டைக்கு மேல் சாய்ந்திருந்த கிளையைக் காட்டினார். இலைகளுக்கு நடுவே சோப்பு நுரையைப் பிடித்து வைத்த மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாறையின் உச்சியிலும் கூரை விட்டத்துக்குக் கீழும் இன்னும் சில. மரத்தவளை நுரையைக் கடைந்து கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். சில நாளில் நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் நேரே கீழே தண்ணீரில் சொட்டும். அதுவரை கூடு காயக்கூடாது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத சந்தோஷம். அவர் உருகவே மாட்டார் என்று சொன்னேன் அல்லவா, அதை அன்று ஒரு நாளைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த வாரமே பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. அவர்கள் படுக்கையறை அலமாரியை நகர்த்திப் பார்த்தபோது சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இந்த ஈரம் இருக்கிறவரை மருந்து வேலை செய்யாது. வீட்டுக்குத் திரும்பி வந்தவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடுதான் வந்தார். ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு இடத்தில் நிறுத்தினார்.

எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. அதில் வந்து இருங்கள் என்றேன்.

"நக்கோம்மா, வேணாம்" என்றார் பெரியவர். "லிஃப்ட் நின்னா… நானும் நின்னுடுவேன். அதுவும் இல்லாம… எந்த மாடியில கதவைத் திறந்தாலும்… இதே முற்றம்தானே." வேறு வீடு பார்ப்பதைப் பற்றியும் பேசினோம். மெஷினோடு அவரை இடம் மாற்ற டாக்டர் சம்மதிக்கவில்லை. பிறகு தவளை கத்துகிற ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்து, "டக் டக்குன்னு சத்தம் போடுதே… அது இருக்கட்டும்… எனக்குப் பேச்சுத் துணை" என்றார்.

மறுநாள் காலை ஆன்ட்டி என்னையும் கூட்டிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார். உள்ளே போய் நின்றபடியே, முற்றத்தில் தண்ணீர் தூவுவதை நிறுத்திவிடுங்கள் என்றார்.

செயலாளர் திகைத்துப் போனார். பலகையெல்லாம் வைத்தாகிவிட்டதே, நீங்கள்தானே மேடம் வேண்டுமென்று வாதாடினீர்கள் என்றார். பிறகு, குத்திக்காட்டுவதற்காக இல்லை, புரியாமல்தான் கேட்டார்: "எவரி கோசம் மேடம்?"

யாருக்காக என்று அர்த்தம். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மா ஆயன கோசம்" என்றார். எங்கள் வீட்டுக்காரருக்காக. இத்தனை வருஷத்தில் அவர் தெலுங்கில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றே குழாய்கள் நின்றன. தோட்டக்காரர் ஏணி போட்டு எட்டியவரை ஏறி ஒரே ஒரு கூட்டை இலையோடு வெட்டிக் கொண்டுவந்தார். அதைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் கட்டி என் பால்கனியில் வைத்தோம். மற்றவை எட்டவில்லை. அந்த வாரம் பார்த்து மழை விட்டு வெயில் அடித்தது, கண்ணாடிக் கூரைக்குக் கீழே முற்றம் அனலாகக் காய்ந்தது. நுரைக்கூடுகள் பழுப்பேறி, காய்ந்த அப்பளம் மாதிரி ஆகி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆன்ட்டி தினமும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அரைகுறையாக எதற்கு என்று, அவர் கேட்காமலே, குட்டையையும் வற்றவிட்டுச் சுத்தம் செய்துவிட்டார்கள்.

பெரியவருக்கு மூச்சு கொஞ்சம் தேறியது. தேறியதும் முதலில் கேட்டது, "சத்தத்தைக் காணோமே?" என்றுதான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ஆன்ட்டி மறைக்காமல் சொன்னார். உங்களுக்காகத்தான் நிறுத்தச் சொன்னேன் என்றார்.

பெரியவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். "நான் கேட்டேனா?" என்றார். "வாழ்க்கை பூரா… எனக்காகன்னு நீ ஒண்ணும் செஞ்சதில்ல. நானும் கேட்டதில்ல. நல்லாத்தான் இருந்தோம். இப்ப… அத்தனை உசுரையும் காய வெச்சிட்டு… என் தலையில கட்டாதே."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் பால்கனித் தொட்டியைப் பற்றிப் பெரியவர்தான் தினம் போன் செய்து விசாரிப்பார். சொட்டிடுச்சா, கால் முளைச்சுதா, வால் போச்சா என்று. ஆன்ட்டி ஒருநாளும் கேட்கவில்லை. குட்டித் தவளைகளை ஏரிக்கரைப் புதரில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னபோதுகூட, "ம்" என்றதோடு சரி. இன்னொன்றும் நின்றுபோயிற்று. லிஃப்டுக்குக் காத்து நிற்கிறவர்கள், "நல்ல மழை ஆன்ட்டி" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். "ஆமா" என்று போய்விடுவார். தொந்தரவு விட்டது என்று சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு அழுகையாக வந்தது.

இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. மருந்து, சாப்பாடு, மகளின் போன் எல்லாம் பேசினார்கள். ஆனால் டாக்டரம்மா என்கிற கேலி வீட்டில் கேட்கவில்லை.

அடுத்து வந்தது பெரியவருக்குக் கடைசி வெயில் காலம். அப்போது எங்கள் யாருக்கும் அது தெரியாது. ஏப்ரலில் இந்த ஊர் காய ஆரம்பித்ததும் அவருக்கு மூச்சு சுலபமாயிற்று. காலையில் ஆக்ஸிஜன் குழாய் இல்லாமல் மெயின் கேட் அருகே வேப்ப மரத்தடி பெஞ்சில் இரண்டு பேரும் வந்து உட்காருவார்கள். ஆபீஸ் வண்டிக்குக் காத்திருக்கும் சாக்கில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அன்று எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. வறண்ட காற்று சருகுகளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பெரியவர் நடுவில் நிறுத்தாமல், இருமாமல், என்னிடம் மெட்டுகுடாவில் எந்த லைனில் இருந்தோம் என்று நீளமாக விசாரித்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி எங்கள் பேச்சைக் கேட்பதாகவே தெரியவில்லை. கணவரின் மார்பு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வெயில்" என்றார்.

பாதி ஆயுளை மழையில் நனைந்தவர், துணி காயாத ஊர்களில் கிடந்தவர். நான் திரும்பிப் பார்த்தேன். பெரியவரும் பேச்சை நிறுத்தினார்.

"யாருக்கு?" என்றார் பெரியவர். குரலில் கேலி இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி, தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டார். என் ஆபீஸ் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு" என்றார். "எனக்குத்தாங்க. அதுங்களைக் காய வெச்சதும் எனக்காகத்தான்."

பெரியவர் பெஞ்சில் தன் கையை நகர்த்தி அவர் கை மேல் வைத்தார்.

"அப்படிச் சொல்லு, டாக்டரம்மா" என்றார்.